தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி

பி.காம் படிக்கிறவன் அணுவிசை நுண்ணோக்கியைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். அரசு ஆய்வகங்களில் அதை வாங்குவது நம் வரிப்பணத்தில்தானே!

பெயர்தான் நுண்ணோக்கி. உண்மையில் அது பார்ப்பதில்லை, தடவுகிறது. கிராமபோன் ஊசி இசைத்தட்டின் மேல் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு ஒன்று, அதன் நுனியில் சில நானோமீட்டரே கூர்மையுள்ள ஊசி. பரப்பின் மேடு பள்ளங்களுக்கேற்ப தகடு வளையும். அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டு, கணினி படம் வரைந்துவிடும்.

இதற்கு முன்னோடியாக 1981-ல் பின்னிக், ரோரர் இருவரும் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் செய்த கருவி, மின்சாரம் கடத்தும் பொருட்களை மட்டுமே படமெடுக்கும். 1986-ல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே வருடம் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், டிஎன்ஏ, ஏன், தண்ணீருக்குள் இருக்கும் உயிரணுவைக்கூட தடவலாம். 2009-ல் ஊசி நுனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டி, பென்டசீனின் ஐந்து வளையங்களையும் படமெடுத்தார்கள். வேதியியல் புத்தகத்தில் வரைந்திருக்கும் அதே அறுகோணங்கள்!

சரி, நம்ம பாடத்துக்கு வருவோம். இதன் விலை பல லட்சத்தில் ஆரம்பித்து கோடியைத் தாண்டும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கல்லூரியும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம் என்பேன். ஏசி அறை, பராமரிப்பு ஒப்பந்தம், இயக்குபவர் சம்பளம் எல்லாமே நிலையான செலவு. பத்து மாதிரி பார்த்தாலும் அதே செலவு, ஆயிரம் பார்த்தாலும் அதேதான். வருமான வரிச் சட்டம்கூட, வாங்கிய வருடத்தில் 180 நாளாவது பயன்படுத்தாத இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானம்தான் கொடுக்கும்.

எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி, கட்டணம் செலுத்திப் பயன்படுத்த மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளம் 2020-ல் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெளியாள் கை பட்டால் ஊசி மழுங்கிவிடும் என்ற பயமும் நியாயம்தான், மழுங்கிய ஊசி இல்லாத மேட்டையெல்லாம் காட்டும். அதனால் ஊசிக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். கருவிக்குப் பணம் ஒதுக்கும் கோப்பிலேயே இயக்குபவரின் ஐந்து வருடச் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் மாலை ஷிப்டும் ஓட்டலாம். கிண்டி ஐஐடி பக்கமிருந்து தாம்பரம் திரும்ப ராத்திரியிலும் மின்சார ரயில் இருக்கிறதே!