விண்முகிலும் மலைமுகிலும்

நட்சத்திரம் எங்கே பிறக்கிறது என்று உயர்வகுப்பு மாணாக்கரைக் கேட்டால், 'நெபுலாவில்' என்னும் விடை உடனே வரும். நெபுலா என்பது யாது என அடுத்து வினவின், 'வாயுவும் தூசும் சேர்ந்த முகில்' என்பர். அம்முகில் கலைந்து போகாமல் ஏன் நட்சத்திரமாக வேண்டும் என மூன்றாவதாகக் கேட்பின், வகுப்பு மௌனமாகிவிடும். பரீட்சைக்கு முதலிரண்டு விடைகளே போதும் என்பதால் மூன்றாவது வினா பெரும்பாலும் எழுவதேயில்லை. அம்மூன்றாவது வினாவே பாடம் என்பது, இக்கல்லூரியிற் பயின்று இன்று திம்புள்ளப் பகுதியில் விஞ்ஞானம் கற்பிக்கும் எமது கருத்து.

தோட்டத்துப் பிள்ளைக்கு முகிலை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் பத்தடி தூரத்தில் மறைவதையும், நண்பகலில் லயத்து வாசலிலே முகில் வந்து நிற்பதையும் கண்டு வளர்ந்த பிள்ளை அது. ஆசிரியர் இவ்வனுபவத்தைப் பற்றிக்கொள்வது இயல்பு, பற்றிக்கொள்ளவும் வேண்டும். ஆயின் உவமையை எடுத்தவர், அது முறியும் இடத்தையும் காட்டுதல் வேண்டும். காட்டாதுவிடின், மூடுபனி குளிர்ந்து துளியாவது போல நெபுலா குளிர்ந்து நட்சத்திரமாகிறது என்று பிள்ளை எழுதிவைக்கும். அவ்வாறு எழுதிய விடைத்தாள்களை நாம் பல முறை திருத்தியிருக்கிறோம்.

எமது மலைகளில் ஈரக்காற்று சரிவேறுங்கால் குளிர்கிறது; ஆவி துளியாகிறது. அங்கே தொழில் செய்வது குளிர். விண்முகிலிலோ தொழில் செய்வது ஈர்ப்பு. அம்முகில், முகில் என்று சொல்லவே தகாத அளவு ஐதானது. நாம் சுவாசிக்கும் காற்றின் ஒரு கன சென்றிமீற்றரில் ஏறத்தாழ 2 இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு; நட்சத்திரம் பிறக்கும் அடர்ந்த கருமுகிலில் அதே அளவான இடத்தில் பத்தாயிரம் முதல் பத்து இலட்சம் வரையே. இத்துணை ஐதான பொருள் தன்னைத் தானே எவ்வாறு இழுத்துக்கொள்ளும்? அதன் பரப்பே விடை. ஒளி பல ஆண்டுகள் செல்லும் தூரம் விரிந்து கிடப்பதால், கூட்டிப் பார்க்குங்கால் பல சூரியன்களின் திணிவு அங்கே இருக்கும். வாயுவின் அமுக்கம் வெளியே தள்ள, ஈர்ப்பு உள்ளே இழுக்க, எது வெல்லும்? 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் இதற்குக் கணக்குக் கண்டார்: திணிவு மிக்கும் வெப்பம் குறைந்தும் இருப்பின் ஈர்ப்பே வெல்லும். கருமுகிலின் வெப்பநிலை ஏறத்தாழ −263 பாகை செல்சியசு. குளிர் இங்கும் உண்டு. ஆயின் அதன் தொழில் துளியாக்குவதன்று, அமுக்கத்தைத் தளர்த்துவது.

ஒடுக்கம் முற்றியபின் நிகழ்வது குளிர்தலுக்கு நேர்மாறு. நெருங்க நெருங்க வெப்பம் ஏறும். கால்பந்துக்குக் காற்றடித்த பம்பைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது விளங்கும். மையம் ஏறத்தாழ ஒரு கோடி பாகையை எட்டியதும் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகத் தொடங்கும். அவ்வெப்பமே ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். சூரியனை ஒத்த ஒன்று நிலைபெற ஏறக்குறைய 5 கோடி ஆண்டு செல்லும்.

இவ்விடத்தில் ஒரு தமிழரின் பெயரையும் சொல்லலாம், பெருமை பேசுவதற்கன்று. 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை, நட்சத்திரங்களின் இறப்போடு மட்டுமே பெரும்பாலும் இணைத்துப் பேசுகிறோம். 1953இல் அவரும் என்ரிக்கோ பெர்மியும், முகிலை ஊடுருவும் காந்தப்புலம் அதன் ஒடுக்கத்தை எவ்வாறு தடுக்கும் என ஆராய்ந்தனர். ஜீன்சின் கணக்கோடு கதை முடியவில்லை என்பதை மாணாக்கர் இதனால் அறிவர்.

இனி வானத்துக்கு வருவோம். சனவரி முதல் மார்ச்சு வரை திம்புள்ளப் பகுதியில் வறண்ட காற்று வீசித் தேயிலைக்கு மணம் ஏறும். இரவு தெளிவதும் அப்போதே. சனவரிப் பிற்பகுதியில் இரவு 9 மணியளவில் ஓரியன் எமது உச்சிக்கு அருகே நிற்கும். இலண்டன் மாணாக்கன் அதைத் தென்வானிற் தாழ்வாகவே காண்பான். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே, மங்கலான சில புள்ளிகளின் நடுவில் புகைபோல் தெரியும் பொட்டே ஓரியன் நெபுலா. தொலைவு ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள நட்சத்திரங்கள் தோன்றிச் சில பத்து இலட்சம் ஆண்டுகளே ஆயின. எமது சூரியனுக்கு வயது 460 கோடி.

அதே ஓரியனின் தோளிலுள்ள செந்நிற நட்சத்திரமே நம் திருவாதிரை. மார்கழியில் திருவெம்பாவைக்கு வைகறையில் எழும் பிள்ளைக்கு அப்பெயர் புதிதன்று. ஆயின் ஆருத்திரா தரிசன நாளன்று நெபுலாவைக் காட்ட முயலற்க. முழுநிலவு பக்கத்திலேயே நின்று அதை மறைத்துவிடும். இரு வாரம் பொறுத்தல் வேண்டும். திருவாதிரை முதுமையெய்தி வீங்கிய நட்சத்திரம். எனினும் பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டே ஆயிற்று. திணிவு மிக்கது விரைந்து எரிந்து தீரும் என்பதற்கு இதனிலும் நல்ல உதாரணம் வேண்டா.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. 1995இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்களையும், 2022 யூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் படங்களையும் கைத்தொலைபேசியிற் கண்ட பிள்ளை, அவ்வண்ணங்களை எதிர்பார்த்தே வரும். கண்ணுக்குத் தெரிவதோ சாம்பல் நிறப் புகை. வெப் காண்பது எமது கண் காணாத அகச்சிவப்பு. வண்ணம் பின்னர் இடப்பட்டது. இதைச் சொல்லாதுவிடின் பிள்ளை ஏமாறும். சொன்னாலோ, தூசுக்குள் மறைந்த இளம் நட்சத்திரத்தை அகச்சிவப்பு எவ்வாறு காட்டுகிறது என்று அதுவே கேட்கும்.

மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிலையத்தில், யப்பான் அன்பளித்த 45 சென்றிமீற்றர் தொலைகாட்டி உண்டு. கொழும்பிற் கோள்மண்டலம் 1965இல் திறக்கப்பட்டது. அங்கெல்லாம் சென்றுவரும் செலவைத் தாங்கக்கூடிய தோட்டக் குடும்பங்கள் சிலவே. ஓரியன் நெபுலாவுக்கு ஒரு பைனாகுலர் போதும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் வருங்கால ஆசிரியர், வகுப்பில் அடியெடுத்து வைக்குமுன் ஒருமுறையேனும் அதைக் கண்ணாற் காணல் வேண்டும். யூபிலி நினைவாகக் கல் நாட்ட எண்ணும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: அக்கல்லின் விலைக்கு எத்தனை பைனாகுலர் வரும் என்று விசாரித்துப் பாருங்கள். தை பிறக்குமுன் கிடைப்பின் மிக நன்று.