வந்ததா, வந்ததுண்டா?

நாங்கள் நாக்பூரில் குடியிருந்த சமயம். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. ஒருநாள் நல்ல ஜுரம். அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ ஹிந்தி அரைகுறை. ஆகவே ஆங்கிலம்!

"ஹேஸ் ஷி எவர் ஹேட் ஃபிட்ஸ்?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது 'ஹேஸ்', 'ஃபிட்ஸ்' இரண்டும்தான். வலிப்பு இருக்கிறதா என்கிறாராக்கும் என்று குழந்தையைப் பார்த்தேன். சமர்த்தாகத் தோளில் சாய்ந்திருந்தாள். "நோ டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் அந்த 'எவர்' உறைத்தது. ஒன்றரை வயதில் ஜுரத்தின்போது ஒரு தடவை வலிப்பு வந்ததே! எனக்குக் கைகால் வெலவெலத்துப் போயிற்று. திரும்ப ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் குழந்தையை மறுபடி சோதித்து, சீட்டில் அதையும் எழுதினார். இனி அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் ஸ்பூனோ எதுவோ திணிக்கவே கூடாது என்று சைகையோடு சொல்லிக் கொடுத்தார்.

அன்று என் காலை வாரிவிட்டதுதான் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ஹேவ் அல்லது ஹேஸ், அதோடு வினைச்சொல்லின் மூன்றாவது உருவம். 'கோ, வென்ட், கான்' என்று பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதில் கடைசி. 'ஹேவ்' என்பதற்கே மூன்றாவது உருவம் 'ஹேட்'. அதனால்தான் 'ஹேஸ்', 'ஹேட்' இரண்டும் ஒரே கேள்வியில் வந்து குழப்பின. சூத்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம். அது எதற்கு என்றுதான் புரிந்ததில்லை.

நடந்தது முன்னாலே, ஆனால் பேசுகிறவருக்கு இப்போது அதனால் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது. அவ்வளவுதாங்க விஷயம். நம் தமிழில் இது இல்லாமலா? ஒன்றல்ல, மூன்று தினுசில் இருக்கிறது!

"மாமா ஊரிலிருந்து வந்தார்" என்றால், வந்துவிட்டுப் போயும் இருக்கலாம். "வந்திருக்கிறார்" என்றால் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், நாம் டிகாஷன் போட எழுந்திருக்க வேண்டும்! அதுதான் 'ஹேஸ் கம்'.

"நீங்கள் ராமேஸ்வரம் போனதுண்டா?" என்றால் வாழ்நாளில் என்றைக்காவது என்று அர்த்தம். 'ஹேவ் யூ எவர் பீன் டு ராமேஸ்வரம்?' இதில் 'கான்' போடக் கூடாது. 'ஹேஸ் கான்' என்றால் ஆள் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டதும் இந்த 'உண்டா'தான். வலிப்பு வந்ததுண்டா?

மூன்றாவது, "பத்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம்." இங்கேதான் நாம் எல்லாரும் சறுக்குகிறோம். தமிழில் 'இருக்கிறோம்' என்று வருகிறதே என்று 'வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்கிறோம். 'வீ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. சின்ஸா, ஃபாரா என்ற தகராறுக்கு நான் வைத்திருக்கும் வழி இது: தமிழில் 'மூன்று நாளாக' என்று 'ஆக' வந்தால் ஃபார், 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ்.

டாக்டரிடம் போகும்போது இது ரொம்ப முக்கியம். 'ஷி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால், மூன்று நாள் அடித்துவிட்டு ஜுரம் விட்டுவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். உடம்பு இன்னும் கொதிக்கிறதென்றால் 'ஷி ஹேஸ் ஹேட் ஃபீவர்' என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு இடத்திலும் தமிழ் நம்மை ஏமாற்றும். "மாமா நேற்றே வந்திருக்கிறார்" என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. நேற்று, போன வாரம், 2010-ல் என்று முடிந்துபோன பொழுதைச் சொல்லிவிட்டால் ஹேவ், ஹேஸ் வெளியே போய்விட வேண்டும். 'கேம் எஸ்டர்டே', அவ்வளவே.

இதில் நான் இன்னமும் கோட்டை விடுகிறேன். போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு 'ஐ ஹேவ் பெய்ட் தி ஃபீஸ் எஸ்டர்டே' என்று எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு என் தோளில் சாய்ந்திருந்த அதே பெண், இப்போது பிளஸ் டூ, 'ஹேவ்' ஒன்றை மட்டும் சிவப்பு மையால் அடித்து, "இப்போ கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டினாள்.