ஏழு நாள் முகாமும் எழுபத்தாறு ஆண்டுத் தண்ணீரும்

கர்நாடக, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் காவிரியை நாள்தோறும் அளக்கிறார்கள். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்ற கணக்கு மாலைக்குள் செய்தியாகிவிடும். ஒகேனக்கல்லில் அந்த எண்தான் அன்றைய கூலி. நீர்வரத்து கூடினால் அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை. பரிசல் ஓட்டி, எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் வறுத்து விற்பவர், பயணிகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கும் பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு மாநிலங்களுக்கு இடையே வழக்கு இருப்பதால் ஆற்று நீருக்கு இத்தனை காவல். இதே தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரை அளக்க யாரும் இப்படி அவசரப்பட்டதில்லை.

அந்த நீரில் புளோரைடு மிகுதி. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்கும். வயது ஏற ஏற எலும்பையும் மூட்டையும் இறுக்கும். இது புதிதாகக் கண்ட நோய் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் இந்த நோய் இருப்பதை ஷார்ட் என்ற மருத்துவ அறிஞரின் குழு 1937-இல் எழுதி வெளியிட்டது. காரணம் தெரிந்தது, பாதுகாப்பான நீர்தான் மருந்து என்பதும் தெரிந்தது. ஜப்பான் நிதியுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுபோனது 2013-இல். நடுவே 76 ஆண்டுகள். ஏட்டில் இருந்த அறிவு குடத்துக்கு வந்துசேர மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

இந்த இடைவெளியில் கல்வி நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965-இல் வந்தது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியது. பிறகு தருமபுரி அருகே பைசுஹள்ளியில் முதுநிலை விரிவாக்க மையம் திறந்தது. அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல். நாட்டு நலப்பணித் திட்டமோ காந்தி நூற்றாண்டான 1969-இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். கோயில் வளாகத்தைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், நிறைவு விழாவில் பேசுவார்கள். எட்டாம் நாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. ஒகேனக்கல்லுக்குக் கல்லூரிப் பேருந்துகள் வருவது பெரும்பாலும் சுற்றுலாவுக்கு.

பல்கலைக்கழகம் பக்கத்து ஊரோடு எப்படி வாழ்வது என்பது உலகெங்கும் பழைய சிக்கல்தான். 1884-இல் லண்டனின் ஏழைப் பகுதியான வொயிட்சேப்பலில் டாயின்பி ஹால் திறந்தபோது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் அங்கேயே தங்கி வேலை செய்ய வந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இரண்டு முகங்களையும் காட்டியிருக்கிறது. 1960-களில் வளாக விரிவாக்கத்துக்காகக் கறுப்பின மக்களின் ‘பிளாக் பாட்டம்’ குடியிருப்பு இடிக்கப்பட்டது. 1990-களின் பிற்பாதியில் அதே பல்கலைக்கழகம், ஜூடித் ரோடின் தலைவராக இருந்தபோது, தெருவிளக்கு, தூய்மைப் பணி, ஊழியர்கள் அங்கேயே வீடு வாங்க உதவி என்று இறங்கியது. 2001-இல் நகரப் பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு பொதுப்பள்ளியும் திறந்தது. பள்ளி சிறந்தது, வீட்டு விலை ஏறியது, வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு அந்த ஊர் எட்டாமல் போனது. அங்கே செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊர் மேம்படுவதும் ஊரார் மேம்படுவதும் வேறு வேறு கணக்கு என்பது மட்டும் அதில் தெரிகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கினார்கள். கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1956-இல் வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 1976-இல். முதலில் மருத்துவமும் ஆதாரக் கல்வியும், பிறகுதான் பட்டம். மற்ற இடங்களில் பல்கலைக்கழகம் கட்டி முடித்த பிறகு சுற்றுச்சுவருக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். இங்கே வரிசை தலைகீழ். காந்திகிராமத்தின் மருத்துவமனையில் வேலை பார்த்த ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் 1993-இல் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிக்கு வந்து, ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். அவர்கள் சாதித்ததற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒகேனக்கல் இருக்கும் பென்னாகரம் வட்டாரத்துக்கு வேண்டியதும் இதுதான். காவிரிக் குழாய் வறண்ட நாளில் மக்கள் போவது பழைய போர் தண்ணீருக்கு. அந்த ஆழ்துளைக் கிணறுகளை, அதே கிணறுகளை, மாதாமாதம் சோதிக்க வேதியியல் மாணவர்களால் முடியும். பள்ளிப் பிள்ளைகளின் பல்லை ஆண்டுதோறும் பார்க்க மருத்துவக் கல்லூரியால் முடியும். அருவி மூடப்படும் நாட்களில் ஊட்டமலையிலும் ஒகேனக்கல்லிலும் எத்தனை வீட்டில் கூலி நிற்கிறது என்று பொருளியல் துறை கணக்கெடுக்கலாம். என்ன அளப்பது, யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்யும் மேசையில் கூத்தப்பாடி ஊராட்சிக்கும் பரிசல் ஓட்டிகளுக்கும் நாற்காலி இருக்க வேண்டும். நாற்காலி இல்லையென்றால் அவர்கள் மறுபடியும் ஆய்வுப்பொருள்தான்.

தடை எங்கே என்பதும் தெரிந்ததே. ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு ஆசிரியருக்குப் புள்ளி உண்டு. பத்தாண்டு கிணற்றுப் பதிவேட்டுக்கு ஒன்றும் கிடையாது. அந்த விதியைத் திருத்த டெல்லியில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழுவரை போக வேண்டும். பதிவேட்டை இளநிலைப் பாடத்தின் செய்முறைப் பகுதியாக்குவதோ சேலத்திலேயே, பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் தொடங்கி முடிக்கக்கூடிய வேலை.