தாயும் சேயும்: தாய்ப்பாலும் விற்றமின் டி சொட்டும்



கிளினிக்குக்கு வரும் இளந்தாய்மார் சிலர் ஒரு கேள்வியைக் கவலையோடு கேட்கின்றார்கள். “தாய்ப்பாலிலை விற்றமின் டி காணாதாம். அப்ப என்ரை பிள்ளைக்குப் பால்மா தொடங்க வேணுமோ?”

இக்கேள்வியின் முதற்பகுதி உண்மை. தாய்ப்பாலில் விற்றமின் டி குறைவுதான். இரண்டாவது பகுதிக்குப் பதில், பால்மா வேண்டவே வேண்டாம் என்பதாகும். இவ்விரண்டையும் வேறு பிரித்து விளங்கிக்கொண்டால் கவலைக்கு இடமில்லை.

விற்றமின் டி எதற்கு?

நாம் உண்ணும் உணவில் உள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சி எடுப்பதற்கு விற்றமின் டி வேண்டும். அது குறைந்தால், எவ்வளவு பால் குடித்தாலும் எலும்புக்குப் போதிய கல்சியம் போய்ச் சேராது. வளரும் குழந்தையின் எலும்பு உறுதியில்லாமல் மென்மையாகிவிடும். இதனை ரிக்கற்ஸ் நோய் என்பார்கள். மணிக்கட்டு தடித்தல், நெஞ்சு எலும்புகளில் மணிமணியாகப் புடைத்தல், பல் முளைக்கவும் எழுந்து நிற்கவும் பிந்துதல், நடக்கத் தொடங்கியதும் கால் வில்லுப்போல வளைதல் என்பன இதன் அறிகுறிகள். சில சிறு குழந்தைகளுக்கு இரத்தத்தில் கல்சியம் குறைந்து வலிப்பும் வரலாம்.

தாய்ப்பாலில் ஏன் குறைவு?

விற்றமின் டியைப் பெரும்பாலும் உணவு தருவதில்லை. வெயில் படும்போது எமது தோலே அதனைத் தயாரிக்கின்றது. கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் உள்ளதில் ஒரு பங்கு சிசுவுக்குப் போகும். அந்தச் சேமிப்பு பிறந்தபின் சில வாரங்களுக்கே போதுமானது. தாயிடமே குறைவாக இருந்தால் பிள்ளை பிறக்கும்போதே குறைவோடுதான் பிறக்கும்.

ஒரு லீற்றர் தாய்ப்பாலில் பொதுவாக 80 அலகுக்கும் குறைவான விற்றமின் டியே உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு, அதாவது 10 மைக்கிறோகிராம், தேவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இது தாயின் குற்றமோ பாலின் குற்றமோ அன்று. நோய் எதிர்ப்புச் சக்தி, புரதம், கொழுப்பு, தண்ணீர் எல்லாம் பிள்ளைக்கு வேண்டிய அளவில் தாய்ப்பாலில் உண்டு. இந்த ஒரு விற்றமினை மட்டும் இயற்கை வெயிலிடம் விட்டிருக்கின்றது. எமது இன்றைய வாழ்க்கையோ பெரும்பாலும் கூரைக்குக் கீழே கழிகின்றது.

போர் முடிந்த ஊரில் கண்ட உண்மை

முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்தபோது ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் கடும் பஞ்சம். குழந்தைகள் பலர் ரிக்கற்ஸ் நோயால் அவதிப்பட்டார்கள். இது தொற்றுநோயா, உணவுக் குறைவா, வெளிச்சமில்லாத வீடுகளால் வந்ததா என்று வைத்தியர்களிடையே அப்போது ஒற்றுமையான கருத்து இல்லை.

1919இல் இங்கிலாந்திலிருந்து ஹரியற் சிக் என்ற பெண் விஞ்ஞானி, வேறு சில பெண் ஆய்வாளர்களுடன் அங்கு சென்றார். குழந்தைகள் வைத்தியசாலையில் தங்கிப் பொறுமையாகக் கவனித்து, 1922 அளவில் ஒரு முடிவைத் தெளிவாக்கினார்கள். மீனெண்ணெய் கொடுத்த பிள்ளைகளுக்கும் நோய் மாறியது. வெயிலில் விடப்பட்ட பிள்ளைகளுக்கும் நோய் மாறியது. எலும்பைக் காக்கும் பொருள் உணவிலும் உண்டு, வெயிலாலும் கிடைக்கும் என்பது இவ்வாறு உறுதியானது. போரால் நலிந்த பிள்ளைகளைக் காப்பாற்றப் போன இடத்தில் பெண்கள் கண்ட இந்த உண்மையால் இன்று உலகம் முழுவதிலும் குழந்தைகள் பயன் பெறுகின்றார்கள்.

வெயில் நாட்டில் இருக்கும் எங்களுக்கும் குறையுமா?

குறையலாம். வெயில் வெளியே இருந்தால் போதாது, அது தோலில் பட வேண்டும். கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உடலை முழுவதும் மூடும் உடை, நாள் முழுவதும் ஆடைத் தொழிற்சாலைக்குள் வேலை, 31 நாள் துடக்கு முடியும்வரை அறைக்குள் இருத்தல் எல்லாம் வெயிலைக் குறைக்கின்றன. துணையை இழந்த பெண் நாலுபேர் கண்ணில் படக்கூடாது என்று உள்ளே ஒதுக்கி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் இன்னும் இருக்கின்றது. அது மனத்தை வாட்டுவதோடு உடலையும் வாட்டுகின்றது. முற்றத்து வெயில் எல்லாப் பெண்களுக்கும் சொந்தமானது.

2009இல் முகாம்களில் சிறுமிகளாக இருந்தவர்கள் பலர் இன்று தாய்மார். வளரும் வயதில் அவர்களுக்கு மீனும் முட்டையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அத்தகைய தாய்மார் கர்ப்ப காலத்திலேயே தமது உடல்நிலை பற்றிக் கிளினிக்கில் பேசிக்கொள்வது நல்லது.

குழந்தையை வெயிலில் கிடத்தலாமா?

விடியற்கால இளவெயில் இதமானது. ஆனால் விற்றமின் டியை உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. அந்தக் கதிர் கூடுதலாக இருப்பது, எமது நிழல் எமது உயரத்தைவிடக் குறுகி இருக்கும் நேரத்தில். அந்த வெயிலைப் பச்சைக் குழந்தையின் தோல் தாங்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் கிடத்த வேண்டாம். கண்ணாடி யன்னலுக்கு உள்ளே வரும் வெயிலாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

குழந்தையின் கண்ணோ உடம்போ மஞ்சளாக இருந்தால், வெயில் காட்டினால் மாறும் என்று காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெயில் படவேண்டியது தாய்க்கு. கிழமையில் சில நாட்கள் முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி முற்றத்தில் சிறிது நேரம் வேலை செய்யுங்கள். சூடை, சூரை போன்ற மீன்கள், டின்மீன், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றில் விற்றமின் டி உண்டு. பத்தியம் என்று இவற்றை மாதக்கணக்கில் விலக்கத் தேவையில்லை. எனினும் இவை தாய்க்கே பெரிதும் உதவும். இவற்றால் பாலில் கூடும் அளவு பிள்ளைக்குப் போதாது. அதனால்தான் சொட்டு மருந்து.

சொட்டு மருந்து யாருக்கு?

பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயதுவரை தினமும் 400 அலகு கொடுக்கும்படி அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2008 முதல் கூறி வருகின்றது. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே அளவைத்தான் சொல்கின்றது.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, நிறை குறைந்த பிள்ளை, வெயில் படாத தாயின் பிள்ளை, தாய்க்கு விற்றமின் டி குறைவென்று கண்டறியப்பட்டிருக்கும் பிள்ளை ஆகியோருக்கு இது மிக முக்கியம். உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா, எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

• ஒரு மருந்தில் ஒரு சொட்டிலேயே 400 அலகு இருக்கும், இன்னொன்றில் ஒரு மில்லிலீற்றரில் இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

• மருந்தோடு வந்த சொட்டுக் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். குழாய் மாறியதால் குழந்தைகளுக்கு அளவு மிஞ்சிய சம்பவங்களும் உண்டு.

• கறந்த தாய்ப்பால் சிறிதளவுடன் சுத்தமான கரண்டியில் கொடுக்கலாம்.

• ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

• அளவு கூடினால் தீங்கு. சத்தி, மலச்சிக்கல், பால் குடிக்க மறுத்தல் ஏற்படலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 1000 அலகைத் தாண்டக்கூடாது. நோய்க்குச் சிகிச்சையாகக் கூட்டிக் கொடுப்பதாயின் அதை வைத்தியரே தீர்மானிப்பார்.

• பெரியவர்களின் மீனெண்ணெய்க் குளிசையை உடைத்து ஊற்ற வேண்டாம். அதில் விற்றமின் ஏயும் இருக்கின்றது.

• தாய் தானாகவே கூடிய அளவு விற்றமின் குளிசை போட வேண்டாம்.

பால்மா விற்பவரின் கணக்கு

குழந்தைப் பால்மாவில் விற்றமின் டி சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. தொழிற்சாலையில் சேர்க்கும் அதே விற்றமினைத்தான் நீங்கள் சொட்டாகக் கொடுக்கின்றீர்கள். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தினால், ஒரு விற்றமினைப் பெறப் போய் நோய் எதிர்ப்புச் சக்தியை இழக்கின்றோம். தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் போத்தல் பால் வயிற்றோட்டத்தைக் கொண்டு வரும். மா தீர்ந்துபோகும் பயத்தில் தண்ணீர் கூட்டிக் கரைத்தால் பிள்ளை மெலியும். இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் இது நன்றாகத் தெரியும். கையில் ஒன்றுமில்லாத நாட்களில் பல பிள்ளைகளைக் காப்பாற்றியது தாய்ப்பாலே.

இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இந்த நல்ல பழக்கத்தைக் கைவிடக்கூடாது. சொட்டு மருந்து வாங்க வசதியில்லாவிட்டால் அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடன்பட்டுப் பால்மா வாங்க வேண்டாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் கொடுக்கும் விற்றமின் ஏ வேறு, விற்றமின் டி வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த இதழில், ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு முதற் சோறு எப்படி, எவ்வளவு என்பதைப் பார்ப்போம்.