சாட்சிகளே மறுக்கும் வழக்கு

‘பிரபஞ்சம் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிகிறது என்பதை நவீன இயற்பியல் நிரூபித்துவிட்டது, கல்பக் கணக்கில் நம் முன்னோர் சொன்னதையே விஞ்ஞானிகள் இப்போது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று அடித்துச் சொல்கிறார் சென்ற இதழ்க் கட்டுரையாளர். அதற்காக மூன்று இயற்பியலாளர்களைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்: ரிச்சர்ட் டோல்மன், பால் ஸ்டைன்ஹார்ட், ரோஜர் பென்ரோஸ். அவர்களுடைய வாக்குமூலங்களை அவர் படித்ததாகத் தெரியவில்லை.

டோல்மன் 1930களில் சுழற்சிப் பிரபஞ்சத்துக்குக் கணக்குப் போட்டார் என்பது உண்மை. விடை என்ன வந்தது என்பதைக் கட்டுரையாளர் விழுங்கிவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடிக்கொண்டே போகும். அதனால் அடுத்த சுற்று முந்தையதைவிடப் பெரிதாகவும் நீளமாகவும் இருக்கும். அதாவது, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் சுழற்சி சாத்தியமில்லை. பின்னோக்கிப் போனால் சுற்றுகள் சிறுத்துச் சிறுத்து ஒரு தொடக்கத்தில் போய் முட்டும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆதியந்தமற்ற சுழற்சிக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர் கதை இது.

அந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டூரோக்கும் 2002இல் வேறு வழி தேடினார்கள். கூடுதல் பரிமாணம் ஒன்றில் சவ்வு போன்ற இரண்டு ‘பிரேன்’கள் மோதுவதே அவர்களுடைய பெருவெடிப்பு. ஒரு சுற்று முடிய லட்சம் கோடி ஆண்டு அளவில் ஆகும். கல்பத்துக்கோ 432 கோடி ஆண்டு. இவை ‘அப்படியே பொருந்துகின்றன’ என்கிறார் கட்டுரையாளர். எந்த வாய்ப்பாட்டின்படி? பூமியின் வயதான 454 கோடி ஆண்டைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு கோளின் வயது எப்படிப் பிரபஞ்சச் சுற்றின் நீளமாகும்? பெருவெடிப்பு நடந்து 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவர் கணக்குப்படி இந்நேரம் மூன்று பிரளயங்கள் முடிந்திருக்க வேண்டும்.

பென்ரோஸ் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய மாதிரியில் சுருக்கமே கிடையாது. பிரபஞ்சம் முடிவின்றி விரிந்து, நிறையுள்ளவை எல்லாம் மறைந்து, அளவு என்பதற்கே பொருளில்லாமல் போகும் நிலைதான் அடுத்த பெருவெடிப்பாகிறது. ‘நோபல் பெற்றவரே சொல்கிறார்’ என்று மிரட்டவும் வேண்டாம். 2020இல் பரிசு கிடைத்தது கருந்துளை ஆய்வுக்கு. முந்தைய பிரபஞ்சத்தின் தடயமாக 2010இல் பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணியில் அவர் காட்டிய வளையங்களைப் பிற குழுக்கள் சோதித்தன. வழக்கமான பெருவெடிப்பு மாதிரியைக் கொண்டு கணினியில் உருவாக்கிய வானங்களிலும் அதே வளையங்கள் இருந்தன.

1998இல் சூப்பர்நோவா ஆய்வுகள் விரிவின் வேகம் கூடுவதைக் காட்டின. அதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் தாண்டிவிட்டு, அந்த வேகத்துக்குக் காரணமாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் தளர்ந்துவரலாம் என்ற டெசி ஆய்வின் அண்மைக் குறிப்பை ‘சுருக்கம் தொடங்கிவிட்டது’ என்று திரிக்கிறார். ஆற்றல் தளர்வது வேறு, பிரபஞ்சம் திரும்பிச் சுருங்குவது வேறு. அந்தக் குறிப்பேகூட இன்னும் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் தரத்தை எட்டவில்லை.

அவருடைய கடைசி அஸ்திரம், துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் வளாகத்து நடராஜர். 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த அழகான சிலை அது. பரிசுப்பொருள் எப்போது பரிசோதனை முடிவாக மாறியது?

சுழற்சி மாதிரிகள் மீது எனக்குப் பகையில்லை. ஆதி ஈர்ப்பலைகள் தென்பட்டால் எங்கள் மாதிரி செத்தது என்று ஸ்டைன்ஹார்ட் அணி முன்கூட்டியே எழுதிவைத்தது. 2014இல் பைசெப்2 குழு அவற்றைக் கண்டதாக அறிவித்தபோது அந்த மாதிரியின் உயிர் ஊசலாடியது. நம் பால்வெளித் தூசியே அந்தச் சமிக்ஞையை உண்டாக்கியிருக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் பிழைத்தது. கட்டுரையாளரின் சுழற்சிக்கு அந்த ஆபத்தே இல்லை. விரிந்தாலும் அவருக்கு வெற்றி, சுருங்கினாலும் வெற்றி. எதைக் கண்டால் தன் கருத்தைக் கைவிடுவார் என்று ஒரே ஒரு வரி அவர் எழுதட்டும். அதுவரை அவர் எழுதுவது பக்தியாக இருக்கலாம். இயற்பியல் என்ற பெயர்ப்பலகை அதற்கு வேண்டாம்.