ஓடினால்தான் வண்டி!

சென்ற ஞாயிறன்று மாவட்டத் தலைநகரில் பழைய கார்க் கண்காட்சி. பாட்டனாரின் அம்பாசிடரை 40 கிலோமீட்டர் நானே ஓட்டிச் சென்றேன். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். சோக்கை இழுத்தால்தான் எஞ்சின் விழிக்கும். திடலில், லாரியில் ஏற்றி வந்த கார்கள் பளபளத்தன. எங்கள் கார் புழுதியோடு நின்றது. "கழுவிக் கொண்டு வரலாகாதா, தம்பி?" என்றார் ஒருவர்.

நான் நாணவில்லை. வங்காளத்து உத்தர்பாரா ஆலை 2014இல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எஞ்சின் ஓசை கேட்டே கார்புரேட்டரின் குறை சொல்லும் மெக்கானிக்குகளும் அருகி வருகின்றனர். பழைய வண்டிகள் ஓடினால்தான் அவர்களுக்கு வேலை. வேலை இருந்தால்தானே அத்தொழிலைக் கற்க இளைஞர் வருவர்?

நண்பர்களே, பளபளப்புக்குப் பரிசளிப்போர், சாலையில் ஓடிவந்த வண்டிக்கும் ஒரு பரிசு வைக்கட்டும். ஓடாத வண்டி வெறும் இரும்பன்றோ!