கோரைக்குள் மீன்! கோல் எது?

அமெரிக்க ஏரிகளில் 'பாஸ்' என்று ஒரு மீன் இருக்கிறது. பச்சை உடல், பெரிய வாய். இதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதில் அந்த நாட்டு மக்களுக்கு அப்படி ஒரு மோகம்!

தூண்டில் கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். சுவர் நிறையக் கோல்கள். குட்டை, நெட்டை, மெல்லியது, தடித்தது. புதிதாக வருகிறவர் என்ன செய்கிறார்? ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார். "லேசாக இருக்கிறதே, பளபளப்பாக இருக்கிறதே" என்று பணத்தைக் கொடுத்து விடுகிறார். இது தவறு. எந்த வேலைக்குக் கோல் என்று முதலில் யோசிக்க வேண்டாமா?

'பிளிப்பிங்' என்ற முறையைப் பாருங்கள். பெரிய பாஸ் மீன்கள் கோரைப் புதருக்குள் ஒளிந்து கொள்ளும். தூரத்திலிருந்து இரையை வீசினால் புதரில் சிக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் 'தொப்'பென்று விழுந்து மீனை விரட்டிவிடும். ஆகவே படகைப் புதருக்கு அருகே கொண்டு போகிறார்கள். கோலின் நுனியில் கொஞ்சம் நரம்பைத் தொங்க விட்டு, இன்னும் கொஞ்சத்தை மறு கையால் இழுத்துப் பிடித்துக் கொள்கிறார்கள். தொங்கும் இரையை ஊஞ்சல் போல ஆட்டி, கோரை இடுக்கில் ஓசைப்படாமல் இறக்குகிறார்கள்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த டீ தாமஸ் என்பவர் இதில் கெட்டிக்காரர். ஆரம்பத்தில் 12 அடிக் கோலை வைத்துக் கொண்டு மீன்களை அள்ளினார். மற்ற போட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆட்சேபித்தார்கள். அவரும் ஏழரை அடிக் கோலுக்கு இறங்கி வந்தார். 1975-ம் ஆண்டு, ஆர்கன்சா மாநிலத்துப் புல் ஷோல்ஸ் ஏரியில் நடந்த போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியது. இந்த வேலைக்கு இன்றும் பலர் கேட்டு வாங்குவது ஏழரை அடிக் கோல்தான்.

நீளம் மட்டும் போதாது. கோல் விறைப்பாகவும் இருக்க வேண்டும். முள் குத்தியதும் மீன் கோரைத் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு ஓடப் பார்க்கும். அதற்கு முன்பே அதை ஒரே தூக்காகத் தூக்கிவிட வேண்டும். கோல் வளைந்து கொடுத்தால் மீன் புதருக்குள் போய்விடும், நரம்பு அறுந்துவிடும். வாயில் குத்திய முள்ளோடு, தண்டில் மாட்டிய நரம்போடு, அந்த வாயில்லா ஜீவன் கிடந்து சாக நேரலாம். பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடும் வழக்கம் அங்கே பலருக்கு உண்டு. அவர்களுக்கு இது எவ்வளவு வேதனை!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விறைப்பான கோலே வாங்கிவிடலாமா? கூடாது. இழுக்க இழுக்க ஆடிக்கொண்டு நீந்தும் மர இரை, பிளாஸ்டிக் இரை இருக்கின்றன. அவற்றில் சிறிய மும்முனை முட்கள் தொங்கும். விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால், மீனின் வாய் கிழிந்து முள் கழன்றுவிடும். அங்கே நன்றாக வளைகிற கண்ணாடி இழைக் கோல்தான் கைகொடுக்கும். அது கார்பன் கோலை விட மட்டம் என்று நினைப்பது அறியாமை.

கடைக்காரர் சொல்லாத இன்னொரு விஷயம். பிளிப்பிங்கில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கையை வீச வேண்டும். ஆகவே ரீலை மாட்டி, ஐந்து நிமிஷமாவது வீசிப் பார்த்த பிறகே கோலை வாங்க வேண்டும். குள்ளமானவருக்கு 7 அடியே சௌகரியமாக இருக்கலாம். போகிற ஏரியில் புதரே இல்லை என்றால், இந்தக் கோலுக்குச் செய்யும் செலவு தண்டம்.